கினபாலுவில் பாதி உயரம்தான். பிறகு ஏன் தகான் மலை கடினம் என்கிறார்கள்?

மழைத்துளி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் தம்பியும் சில ஆண்டுகளாக மலையேறி வருகிறோம். கினபாலு உச்சியை இருவரும் பெரிய சிரமமின்றி அடைந்தோம். அடுத்ததாகத் தீபகற்ப மலேசியாவின் மிக உயர்ந்த மலையான குனோங் தகானுக்குப் போக எண்ணியிருக்கிறோம். கினபாலுவின் உயரம் 4,095 மீட்டர். தகானின் உயரமோ 2,187 மீட்டர்தான். ஆனால் இரண்டையும் ஏறியவர்களைக் கேட்டால், தகான்தான் கடினமானது என்று ஒரே குரலில் சொல்கிறார்கள். காரணம் கேட்டால், "போனால் தெரியும்" என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நாங்கள் எதைத் திட்டமிடுவது?

விவரமாகச் சொல்லக்கூடியவர்களிடம் மூன்று செய்திகளைக் கேட்டுக்கொள்கிறேன். மலைக்குச் செல்லும் வழிகளில் ஒன்றான மெராபோ வழியாக ஏறி அதே வழியில் இறங்குவது நல்லதா, அல்லது மெராபோவில் ஏறிக் கோலா தகானில் இறங்கும் நெடுவழியை முதல் முறையிலேயே எடுக்கலாமா? எங்களிடம் உள்ள, கணுக்கால் வரை மூடும் தோல் காலணிகள் அந்தக் காட்டுக்கு ஏற்றவையா? பைக்குள் இருக்கும் பொருள்களை எத்தனை நாளுக்கு நனையாமல் காப்பாற்ற முடியும்? உடல் வலிமைக்காக இப்போதே மாடிப்படிகளில் சுமையோடு ஏறி இறங்கிப் பயிற்சி செய்கிறோம். அது போதுமா என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

மேட்டுவழி எழுதியது:

சகோதரி, உச்சியின் உயரத்தை வைத்து இரண்டு மலைகளையும் ஒப்பிடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. நடப்பவரின் கால்களுக்கு உச்சி எவ்வளவு உயரம் என்பது பொருட்டல்ல. எங்கிருந்து ஏறத் தொடங்குகிறோம், எவ்வளவு தூரம் நடக்கிறோம், முதுகில் என்ன இருக்கிறது என்பவையே பொருட்டு. கினபாலுவில் நடை தொடங்கும் திம்போஹோன் வாயிலே 1,866 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து உச்சி வரையிலான பாதை ஒன்பது கிலோமீட்டருக்கும் குறைவு. பெரும்பகுதி படிகளும் கைப்பிடிகளும் அமைக்கப்பட்டது. இடையில் பானாலாபான் தங்குமிடத்தில் கட்டிலும் சூடான உணவும் காத்திருக்கின்றன. தகானிலோ தாழ்நிலக் காட்டிலிருந்து நடக்கத் தொடங்குகிறீர்கள். நிகர ஏற்றம் ஏறக்குறைய கினபாலு அளவுதான் என்றாலும், முகடு ஒரே சீராக ஏறுவதில்லை. இருநூறு மீட்டர் ஏறி நூறு மீட்டர் இறங்கி மறுபடியும் ஏறும் வழி அது. அரிசி, பாத்திரம், அடுப்பு, கூடாரத் துணி, உறங்கும் பை என அத்தனையையும் நீங்களே சுமக்க வேண்டும். ஆளுக்குப் பதினைந்து கிலோ என்பது அங்கே வழக்கமான சுமை.

இவையெல்லாம் இருந்தும், தகானின் உண்மையான கடினம் ஏற்றத்தில் இல்லை. தண்ணீரில் இருக்கிறது என்பேன். கினபாலுவில் நம்மைத் தடுத்து நிறுத்துவது மெல்லிய காற்று. 2,187 மீட்டரில் அந்தத் தொல்லை பெரும்பாலோருக்கு வராது. ஆனால் மழைக்காட்டு மலையில் தண்ணீர் மேலிருந்து மழையாகவும், பக்கவாட்டில் மேகமாகவும், கீழிருந்து ஆறாகவும் வருகிறது. உடலிலிருந்து வியர்வையாகவும் வெளியேறி, காற்றின் ஈரப்பதத்தால் காயாமல் அப்படியே தங்கிவிடுகிறது. பாதை சேறாகிறது, வேர்கள் வழுக்குகின்றன, சுமையின் எடை நாளுக்கு நாள் கூடுகிறது. உணவு குறைய எடை குறையும் என்று கணக்குப் போடுபவர்கள், நனைந்த துணியின் எடையைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

வழியைப் பற்றி: முதல் முறைக்கு மெராபோ வழியாக ஏறி அதே வழியில் இறங்குவதையே பரிந்துரைக்கிறேன். சுங்கை ரெலாவ் நுழைவாயிலிலிருந்து கோலா ஜுராம் வரை வண்டியில் போய்விடலாம். அங்கிருந்து மூன்று அல்லது நான்கு நாளில் உச்சிக்குப் போய்த் திரும்புவது வழக்கம். கோலா தகான் வழி பழைய வழி, நீண்ட வழி. போய்த் திரும்ப ஒரு வாரம் பிடிக்கும். அந்த வழியின் பெரும் பகுதி தகான் ஆற்றை ஒட்டியே செல்வதால் ஆற்றைப் பல இடங்களில் குறுக்கே கடக்க வேண்டும். நீங்கள் சொல்லும் நெடுவழியில் இந்த ஆற்றுக் கடப்புகள் அனைத்தும் கடைசி நாள்களில், உடல் களைத்து, உணவும் குறைந்திருக்கும் நேரத்தில் வருகின்றன. ஏற்கெனவே உச்சியைப் பார்த்துவிட்டோம், இனி வீடுதான் என்ற அவசரமும் சேர்ந்துகொள்ளும். ஆறு பெருகியிருந்தால் கரையில் ஓர் இரவு காத்திருக்க மனம் இடம் கொடுக்காத நிலை அதுதான். அதனால்தான் முதல் முறைக்கு அது வேண்டாம் என்கிறேன். நெடுவழியில் குறை ஒன்றுமில்லை. அதன் வரிசை புதியவர்களுக்குச் சாதகமாக இல்லை, அவ்வளவே.

ஆற்றைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் நாட்டில் 'கெப்பாலா ஆயிர்' என்று எல்லாரும் சொல்லும் திடீர் வெள்ளம், நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வரக்கூடும். மழை பெய்தது மேலே, பல கிலோமீட்டர் தொலைவில். தெளிவாக ஓடிய நீர் சட்டென்று கலங்கினாலோ, இலைகளும் குச்சிகளும் கூட்டமாக மிதந்து வந்தாலோ, ஓசை மாறினாலோ, பையை எடுக்கக்கூட நிற்காமல் கரையேற வேண்டும். மணல் திட்டில் கூடாரம் போடக் கூடாது. எவ்வளவு அழகாக இருந்தாலும் கூடாது. கடக்கும்போது இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் கழற்றிவிட்டு நடங்கள். விழுந்தால் பை உங்களை இழுத்துச் செல்லாமல், நீங்கள் அதை உதறிவிட முடியவேண்டும். குறுகலான இடத்தில் நீர் ஆழமாகவும் வேகமாகவும் இருக்கும். அகலமான இடமே பெரும்பாலும் ஆழமற்றது. தொடைக்கு மேல் வேகமாக ஓடும் நீரில் இறங்கவே வேண்டாம். மழைக்காட்டு ஆறு வேகமாக ஏறுவதுபோல் பெரும்பாலும் வேகமாகவே வடியும். சில மணி நேரம் காத்திருப்பதற்கான உணவும் நாளும் கையிருப்பில் இருந்தால் அந்த ஆபத்தின் பெரும்பகுதி நீங்கிவிடுகிறது.

பயிற்சி குறித்து: படி ஏறுவது நல்லது, இறங்குவது அதைவிட நல்லது. முழங்கால்கள் கெடுவது இறக்கத்தில்தான்.

ரப்பர்காலணி எழுதியது:

மேட்டுவழி அவர்கள் சொன்னவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் "நனையாமல் காப்பாற்ற முடியுமா" என்ற உங்கள் கேள்விக்கு அவர் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. பதில் இதுதான்: உடுத்தியிருப்பதைக் காப்பாற்ற முடியாது, அந்த முயற்சியைக் கைவிட்டுவிடுங்கள். மழைக்கோட்டுக்குள் நடந்தால் மழைக்குப் பதிலாக வியர்வையில் நனைவீர்கள். நடைக்கு ஓர் உடை, இரவுக்கு ஓர் உடை என இரண்டாகப் பிரித்துவிடுங்கள். இரவு உடையும் உறங்கும் பையும் தண்ணீர் புகாத பைக்குள், அதற்கு வெளியே இன்னொரு தடித்த நெகிழிப் பைக்குள் இருக்கட்டும். காலையில் எழுந்ததும் அந்த உலர்ந்த உடையைக் கழற்றி மூடிவிட்டு, முதல் நாளின் ஈரச் சட்டையையே, குளிரக் குளிர, மறுபடியும் அணிய வேண்டும். இதைச் செய்வதற்குத்தான் மனவலிமை தேவை, ஏற்றத்துக்கு அல்ல. "இன்று மழை வராது போலிருக்கிறது" என்று உலர்ந்த உடையோடு நடக்கத் தொடங்குபவர்கள் அன்று இரவு ஈரத்தோடு படுப்பார்கள். பருத்தித் துணியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

தோல் காலணி வேண்டாம். அது முதல் ஆற்றிலேயே தண்ணீரைக் குடித்துவிடும். பிறகு காயவே காயாது. நம் நாட்டு மலையேறிகள் பலர் அணிவது 'அடிடாஸ் கம்போங்' என்று செல்லமாக அழைக்கப்படும் கறுப்பு ரப்பர் காலணி. ரப்பர் மரம் சீவுபவர்களும் தோட்டத் தொழிலாளர்களும் அணிவதற்காக வந்தது. ஒரே வார்ப்பாக இருப்பதால் தையல் பிரிவதில்லை, தண்ணீரை உறிஞ்சுவதில்லை, அடியில் உள்ள முளைகள் சேற்றைக் கவ்விப் பிடிக்கின்றன. மலிம்கள் எனப்படும் மலை வழிகாட்டிகள் அதை அணிவதற்குச் சிக்கனம் மட்டும் காரணமல்ல. குறையும் உண்டு: அடிப்பகுதி மெல்லியது, கற்கள் குத்தும், கணுக்காலுக்குப் பிடிப்பில்லை. ஆகவே ஒரு மெல்லிய உள்ளட்டையும் நீண்ட காலுறையும் சேர்த்து அணிந்து, சுமையோடு குறைந்தது சில பயிற்சி நடைகளாவது நடந்து பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். உங்கள் பாதத்துக்கு ஒத்துவராவிட்டால், வலைத்துணியால் ஆன, விரைவில் வடியும் ஓட்டக் காலணியை எடுக்கலாம். நீர் புகாதது என்று விளம்பரம் செய்யப்படும் காலணியை மட்டும் எடுக்காதீர்கள். மேல்வழியாக உள்ளே வந்த தண்ணீரையும் அது வெளியே விடாது.

அட்டைகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் கேட்பீர்கள். இறுக்கமாக நெய்த அட்டைக் காலுறையைக் கால்சட்டைக்கு மேல் இழுத்துக் கட்டுங்கள். கடித்துவிட்டால் நகத்தால் அதன் வாய்ப்பகுதியைத் தோலை ஒட்டிச் சுரண்டி எடுத்துவிடலாம். உப்பும் நெருப்பும் தேவையில்லை. இரத்தம் சற்று நேரம் நிற்காமல் வடிவது அட்டை செலுத்தும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருளால்தான், அஞ்ச வேண்டாம். உண்மையில் பெரிய தொல்லை பிரம்புக் கொடியின் முள். வழுக்கும்போது அருகில் இருப்பதைப் பிடிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கையுறை அணியுங்கள்.

மழைத்துளி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. ஈரச் சட்டையை மறுபடியும் அணிவதைப் பற்றிப் படித்தபோது தம்பியின் முகம் மாறியதைப் பார்க்க வேண்டுமே. இன்னும் இரண்டு ஐயங்கள். வழியில் ஆற்று நீரையும் ஓடை நீரையும் குடிப்பதால் எலிக்காய்ச்சல் வரும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். அது எந்த அளவுக்கு உண்மை? அடுத்து, இவ்வளவு தண்ணீர் இருக்கும் மலையில் குடிநீரைச் சுமக்க வேண்டிய தேவை இருக்காதுதானே?

இரவுப்பணி எழுதியது:

நான் மருத்துவமனையில் பணிபுரிகிறவள் என்பதால் முதல் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். வீட்டினரின் பயம் நியாயமானது, ஆனால் குடிநீரை மட்டும் பார்த்தால் போதாது. எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ், எலி முதலிய விலங்குகளின் சிறுநீர் கலந்த நீரிலிருந்தும் ஈர மண்ணிலிருந்தும் வருகிறது. கிருமி வாய்வழியாக மட்டுமல்லாமல், தோலில் உள்ள சிராய்ப்பு, வெட்டு, கண், மூக்கு ஆகியவற்றின் வழியாகவும் உடலுக்குள் நுழையும். நாள் முழுவதும் நனைந்து தோல் ஊறிப்போன பாதங்களும் பிரம்பு முள் கீறிய கைகளும் அதற்குத் திறந்த கதவுகள். நீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். காயங்களை நீர் புகாத ஒட்டுத்துணியால் மூடுங்கள். இரவில் பாதங்களைத் துடைத்து உலர்த்தி, பாதப் பவுடர் தூவி, உலர்ந்த காலுறை அணிந்து உறங்குங்கள். முகாம்களில் எலிகள் உண்டு; உணவைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள், திறந்து வைத்த தட்டில் மறுநாள் உண்ணாதீர்கள். தடுப்பு மருந்தாக டாக்சிசைக்ளின் கொடுக்கப்படுவது உண்டு. ஆனால் அது எல்லாருக்கும் ஏற்றதல்ல. மருத்துவரைப் பார்த்து அவர் சொன்னால் மட்டும் எடுங்கள்.

இதைவிட முக்கியமானது, திரும்பி வந்த பிறகு நடப்பது. நோய் வெளிப்படப் பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாள் ஆகும். சில சமயம் ஒரு மாதம்கூட ஆகலாம். அதற்குள் மலையை மறந்திருப்பீர்கள். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், மருந்தகத்தில் காய்ச்சல் மாத்திரை வாங்கிக்கொண்டு படுத்துவிடாமல், "காட்டுக்குப் போய் வந்தேன், ஆற்றில் இறங்கினேன்" என்று மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அதே வாக்கியம் இன்னொரு நோய்க்கும் உதவும். மனிதர்களிடையே மட்டும் பரவும் மலேரியா நம் நாட்டில் ஏறக்குறைய மறைந்துவிட்டாலும், குரங்குகளிடமிருந்து கொசு வழியாக வரும் நோலேசி மலேரியா காட்டோரப் பகுதிகளில் இன்னும் இருக்கிறது. அதன் ஒட்டுண்ணி 24 மணி நேரத்துக்கு ஒரு முறை பெருகுவதால் நோய் விரைவாக முற்றக்கூடும். ஒரு நாள் தாமதம்கூட அதில் பெரிய வேறுபாடு. மாலை மயங்கும் நேரம் முதல் முழுக்கைச் சட்டை அணிந்து, கொசுவிரட்டி பூசுங்கள்.

குளிரையும் குறைத்து எண்ண வேண்டாம். ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 6 டிகிரி குறையும் என்று கொண்டால், அடிவாரத்தில் 24 டிகிரியாக இருக்கும் இரவு உச்சியருகே 11 அல்லது 12 டிகிரியாக இருக்கும். உலர்ந்தவருக்கு அது இதமான குளிர். நனைந்து, களைத்து, மறைவில்லாத மேட்டில் காற்றில் நிற்பவருக்கு அதுவே உடல்வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறையப் போதுமானது. தம்பி பேச்சைக் குழறினாலோ, விரல்களால் கொக்கியைப் பூட்ட முடியாமல் தடுமாறினாலோ, "எனக்கு ஒன்றுமில்லை" என்று அவர் சொல்வதைக் கேட்காதீர்கள். உடனே நிறுத்தி, ஈர உடையைக் களைந்து, உலர்ந்ததை அணிவித்து, உறங்கும் பைக்குள் வைத்து, சூடாகவும் இனிப்பாகவும் எதையாவது குடிக்கக் கொடுங்கள்.

பாசிவனம் எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு: இருக்கும், சகோதரி. தண்ணீர் பள்ளத்தில் ஓடுகிறது; நீங்கள் நடப்பதோ முகட்டில். சுற்றிலும் பாசி சொட்டிக்கொண்டிருக்கும், ஆனால் குடுவையை நிரப்ப இடம் இருக்காது. முகட்டிலுள்ள முகாம்களில் ஊற்று எங்கே, இந்த மாதம் அதில் நீர் இருக்கிறதா என்பதை வழிகாட்டியிடம் ஒவ்வொரு காலையிலும் கேட்டு, அதற்கேற்பச் சுமக்க வேண்டும். மேலே கிடைக்கும் நீர் தேநீர் நிறத்தில் இருந்தால் மிரள வேண்டாம். மட்கிய இலைதழைகளில் ஊறி வருவதால் வரும் நிறம் அது. கொதிக்க வைத்தால் போதும்.

இங்கே எல்லாரும் துன்பங்களையே எழுதியிருக்கிறார்கள். போவதற்கான காரணத்தையும் ஒருவர் சொல்ல வேண்டாமா? தாழ்நிலத்தில் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டிய மரங்கள், மேலே போகப் போகக் குட்டையாகி, பாசி போர்த்திய மேகக்காட்டில் தலைக்குச் சற்று மேலே நின்றுவிடுகின்றன. பிறகு 'பாடாங்' எனப்படும் திறந்த மேட்டில் இடுப்பளவு புதராகிவிடுகின்றன. கினபாலுவில் இந்த மாற்றங்கள் இதைவிட உயரத்தில் நிகழ்கின்றன. பெரிய மலைகளைக் காட்டிலும் சிறிய, தனித்த மலைகளில் இந்த அடுக்குகள் கீழிறங்கி வருவது வெப்பமண்டலம் எங்கும் காணப்படுவது. தகானில் மேகமும் காற்றும் போதாதென்று மண்ணும் வறியது: மணற்கல்லும் குவார்ட்சைட்டும் சிதைந்த வெளிறிய மணல், அதன்மேல் புளித்த மட்கு. சத்துக் கிடைக்காத அந்த மண்ணில் பூச்சிகளைப் பிடித்துச் செரிக்கும் குடுவைத் தாவரங்கள் செழிக்கின்றன. இந்த மலையின் பெயரையே தாங்கிய லிவிஸ்டோனா தகானென்சிஸ் என்ற விசிறிப் பனையையும் தவறாமல் பாருங்கள்; அது வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. பாடாங்கில் பாதையை விட்டு விலகிப் படம் எடுக்கப் போகாதீர்கள். அங்கே மிதிபட்ட செடி மீண்டு வர எடுத்துக்கொள்ளும் காலம் தாழ்நிலக் காட்டின் கணக்கில் அடங்காது.

1905-இல் விலங்கியலாளர் எச். சி. ராபின்சன் தலைமையிலான ஆய்வுப் பயணம் இந்த உச்சியை எட்டியது. அவர்கள் வந்தது உச்சிக்காக மட்டுமல்ல, உயிரினங்களைச் சேகரிப்பதற்காகவும்தான். அதனால் நிதானமாக நடந்தார்கள். நீங்களும் மெராபோ வழியில் மூன்று நாளை எடுக்காமல் நான்கு நாளை எடுத்துக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து.

மேட்டுவழி எழுதியது:

பாசிவனம் சொன்ன நான்காவது நாளை நானும் வழிமொழிகிறேன். ஆற்றுக்கும் அதே நாள்தான் பயன்படும்.

காலத்தைப் பற்றி முன்பே எழுதியிருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை நவம்பர் முதல் ஜனவரி, பிப்ரவரி வரை நீடிக்கும். அக்காலத்தில் இந்த மலைக்கான அனுமதி நிறுத்தப்படுவது வழக்கம். மார்ச் முதல் செப்டம்பர் வரை ஓரளவு நம்பலாம். ஓரளவுதான், ஏனெனில் மழையில்லாத மாதம் என்று அங்கே ஒன்று கிடையாது. அனுமதியை பெர்ஹிலிதானிடம், அதாவது வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையிடம், முன்கூட்டியே பெற வேண்டும். வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள். நுழையும்போது உங்கள் பொருள்களைப் பட்டியலிட்டு, திரும்பும்போது குப்பை உட்படச் சரிபார்ப்பார்கள். மிட்டாய்த் தாள் வரை கணக்கு வரும். பொட்டலங்களை வீட்டிலேயே பிரித்து ஒரே பையில் கட்டிக்கொண்டால் அந்த வேலை குறையும்.

புறப்படுவதற்கு முன் வழிகாட்டியோடு ஒன்றைப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்: உச்சி நாளன்று எந்த நேரத்துக்குள் பாடாங்கை அடையாவிட்டால் திரும்புவது என்பதை. உச்சி கண்ணுக்குத் தெரியும் தொலைவில் நின்றுகொண்டு அந்த முடிவை எடுப்பது கடினம், அதிலும் தம்பி முன்னால் போய்க்கொண்டிருந்தால். வழியின் பெரும்பகுதியில் கைப்பேசி அலை கிடைக்காது என்பதால், திரும்பி வரும் நாளையும் அதற்கு மேல் ஒரு நாள் தாமதமாகலாம் என்பதையும் வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். அனுமதி கிடைத்ததும் தேதியை இங்கே எழுதுங்கள். அந்தச் சமயத்தில் மேலே ஊற்றுகளின் நிலை என்ன என்று அண்மையில் போய் வந்தவர்கள் யாராவது சொல்வார்கள்.